திரும்பி வந்தவள்

வியன்னா போக அனுமதி கிடைத்துவிட்டது என்று பதிப்பகத்தில் சொன்னபோது கெர்லிண்ட் ஹார்ட்டுங் முதலில் செய்தது, அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததுதான். சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த திருமதி காப்ளரும் வாழ்த்துச் சொல்லவில்லை. பதிப்பகத்தின் மூத்த ஆசிரியர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கோட்டை மாட்டிக்கோங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றார்.

அது 1984-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். கிழக்கு ஜெர்மனியில், லைப்ஸிக் நகரத்தில், முக்கியமான பேச்சை யாரும் நான்கு சுவருக்குள் பேசுவதில்லை. இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். மிருகக்காட்சிசாலையின் வேலி அந்தப் பூங்காவை ஒட்டியிருந்தது. வேலிக்கு அப்பால் ஏதோ மான் இனம் ஒன்று ஈர வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகல. குழந்தை இல்ல. அம்மா அப்பாவும் போயிட்டாங்க. பிடிச்சு வெச்சுக்க இங்க உங்களுக்குன்னு யாரும் இல்ல. அதனால மொதல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்க" என்றார் காப்ளர்.

"அப்புறம்?"

"திரும்பி வருவாங்க, நான் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தேன்."

"ஏன்?" என்று கேட்டாள் கெர்லிண்ட். நன்றியாக வந்திருக்க வேண்டிய சொல். விசாரணை போல வந்துவிட்டது.

"ஹங்கேரிய இலக்கிய மொழிபெயர்ப்பாளர் கூட்டம் அது. ஒவ்வொரு தடவையும் இங்கேர்ந்து ஹங்கேரிய மொழியில ஒரு வார்த்தை தெரியாத ஆளை அனுப்புறாங்க. போன தடவை போனவர் ரெண்டு நாளும் வியன்னா கேக்கைப் பத்தித்தான் பேசிட்டு வந்தார். எனக்கே வெட்கமாப் போச்சு."

"நான் வரலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

காப்ளர் மானைப் பார்த்தார். "கிடங்குல பொட்டலம் கட்டச் சொல்லுவாங்க. எனக்குத் தூசி ஆகாது. தலையை ஒண்ணும் எடுத்துட மாட்டாங்க."

திரும்பி நடக்கும்போது கெர்லிண்டுக்கு ஒரே யோசனைதான். இந்த அம்மாள் நல்ல மனதோடு சொல்லியிருந்தால் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார். தன்னைக் கட்டிப்போடுவதற்காகச் சொல்லியிருந்தாலும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார். எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் டிராம் ஓட்டுநரின் மகள். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தாள். மாணவர் பரிமாற்றத்தில் புடாபெஸ்ட் போன இடத்தில் ஒருவனைக் காதலித்தாள். காதல் போயிற்று, மொழி நின்றது. அந்த மொழிதான் அவளுக்குச் சோறு போட்டது. சொந்தமாக எழுதிய கவிதைகளைப் பதிப்பகங்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பின. 'வெளிச்சம் போதவில்லை' என்று, பதிப்பகத்துக்காகக் கையெழுத்துப் பிரதிகளைப் படிப்பவர் ஒருவர் எழுதியிருந்தார். மொழிபெயர்ப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. இருட்டு அடுத்த நாட்டுக்காரனுடையதாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவளைப் போல நிறையப் பேர் மற்றவர்களின் நாவல்களுக்குள் குடியிருந்தார்கள்.

ஆனால் கவிதைகளுக்கு வேறு ஒரு வாசல் இருந்தது. புத்தகமாக எதை அச்சடிக்க வேண்டுமானாலும் அரசாங்க அனுமதி வேண்டும். ஓவியன் தன் கையால் எடுக்கும் அச்சுப்படத்துக்கு, நூறு பிரதிக்குள் இருந்தால், வேண்டாம். ஆகவே கவிதை படமாயிற்று. தரையில் ஒட்டும் மெத்தென்ற லினோலியத் தகட்டில் ஒவ்வோர் எழுத்தையும் இடம் வலமாக மாற்றிச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்தால் அது ஓவியம். எழுத்து தெரிகிறதே என்று கேட்டால், அது கோடு, அவ்வளவுதான். கெர்லிண்ட் மாலை வகுப்புகளில் செதுக்கக் கற்றாள். முதலில் எழுத்து மட்டும் செதுக்கியவள், பிறகு எழுத்தைச் சுற்றி வீடுகளையும் புகைக்கூண்டுகளையும் வெறும் கைகளையும் செதுக்க ஆரம்பித்தாள்.

அச்சு இயந்திரம் ஃபோல்க்மாரிடம் இருந்தது. எழுத்துக்கோக்கும் தொழில் படித்தவன். ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுப் பிழைத்தான். பழைய ரொட்டிக்கடை ஒன்றின் பின்கட்டில் அவனுடைய பட்டறை. மூன்றாவது ஆள் யூட்டா. நாடகக் கொட்டகையில் உடை தைப்பவள், தைக்காத நேரத்தில் கவிதை எழுதுபவள். மூவருமாகச் சேர்ந்து 'சாம்பல் நாட்கள்' என்று ஒரு தொகுப்பு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு மூவருக்கு மட்டுமே தெரியும்.

மூவருக்கு மட்டுமே தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்கள். சில வாரங்களுக்கு முன் ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் தெருவில் ஃபோல்க்மாரை நிறுத்தி, தோளில் தட்டி, "என்னப்பா, சாம்பலெல்லாம் அள்ளியாச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். மூவரில் ஒருவர்தான் அவர்களுக்கு உளவு சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து பட்டறையில் யாரும் சரியாகச் சிரிப்பதில்லை. இரண்டு பேர் இருக்கும்போது மூன்றாமவர் வந்தால் பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு உருளைக்கிழங்கு விலையைப் பற்றித் தொடரும்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கெர்லிண்ட் வியன்னா செய்தியைக் கொண்டுபோனாள்.

ஃபோல்க்மார் மை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். யூட்டா ஈரப் படங்களைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் இரண்டு கிளிப்புகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க? வியன்னாவா? ஏண்டி, எங்க அத்தை மேற்கு ஜெர்மனியில, ஹாம்பர்க்ல செத்தப்போ என் தம்பி போக மனு போட்டான். அவளைப் புதைச்ச இடத்துல புல்லு முளைச்சப்புறம்தான் 'முடியாது'ன்னு பதில் வந்துச்சு. உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"பதிப்பகம் ஏற்பாடு பண்ணிச்சு."

"ஓ, பதிப்பகம்! உன் கவிதையைப் போடக் காகிதம் இல்லாத பதிப்பகம், உன்னை அனுப்ப மட்டும் ரயில் வெச்சிருக்கா?"

"காப்ளர் அம்மா எனக்காகப் பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க."

"அவங்க கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பா?" என்றாள் யூட்டா. "அப்படீன்னா அந்த அம்மா யாரு, அதைச் சொல்லு மொதல்ல."

ஒரு விளக்கம் சொன்னால் சந்தேகம் அங்கிருந்து நகர்ந்து விளக்கத்தின் மேல் போய் உட்கார்ந்தது. கெர்லிண்ட் ஃபோல்க்மாரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடச் சிநேகிதம். ஒரு குளிர்காலத்தில் அது சிநேகிதத்துக்கும் மேலே கொஞ்சம் போய், இருவரும் பேசிக்கொள்ளாமலே திரும்பி வந்திருந்தது. அவன் உருளையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நீ ஏதாவது சொல்லேன்" என்றாள்.

"போ. நல்லாப் போயிட்டு வா" என்றவன், சற்று நிறுத்தினான். "இல்ல, வராதே. அங்கேயே இருந்துடு."

"என்னது?"

"அங்கேயே இருந்துட்டா நீ சுத்தம். அதுக்கப்புறம் ஒருத்தனும் ஒரு வார்த்தை பேச முடியாது. திரும்பி வந்தா... எதுக்கு வரப்போறேன்னு நாங்க கேக்க மாட்டோமா? கட்டின புருஷனா இருக்கான் இங்க?"

"விளையாடுறியா?"

"பாதி."

யூட்டா சிரித்தாள். ஃபோல்க்மார் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் டிராமில் கெர்லிண்ட் தன் பங்குக்குச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். கரி அள்ளுகிறவனுக்கு அவ்வளவு நல்ல காகிதம் எங்கிருந்து வருகிறது? அந்த அதிகாரி ஏன் ஃபோல்க்மாரை மட்டும் நிறுத்திக் கேட்டார்? அல்லது, நிறுத்திக் கேட்டதாக ஃபோல்க்மார் சொன்னது மட்டும்தானா? யூட்டாவுக்குப் போன மாதம் புது வீடு ஒதுக்கினார்களே, குளியலறையோடு? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. தன்னைப் பற்றி அவர்கள் யோசித்தாலும் இதேபோல எல்லாம் பொருந்தும் என்பதுதான் அவளை நடுங்கவைத்தது.

வியன்னாவில் அவள் ஒழுங்காகப் பேசினாள். ஹங்கேரியர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, இந்த வாக்கியத்தை ஜெர்மனில் எப்படிக் கொண்டுவந்தீர்கள், அந்த வசவை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். நாற்பத்தொரு வயதில் முதல்முறையாகத் தன் வேலையைத் தெரிந்த மனிதர்களோடு பேசிய மாதிரி இருந்தது. கடைசிக்கு முந்தைய நாள், உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவர், வாலிஷ் என்று பெயர், காப்பிக் கடையில் கேட்டார்.

"சொந்தமா எழுதுறதுண்டா?"

காகிதத்தில் எதையும் எல்லை தாண்டி எடுத்து வரவில்லை. ஆனால் எல்லாம் மனப்பாடம். எழுத்தை மாற்றி மாற்றிச் செதுக்கியவளுக்கு எப்படி மறக்கும்? மெதுவாக நான்கு கவிதைகள் சொன்னாள். வாலிஷ் காப்பியைத் தொடவே இல்லை.

"வர்ற வசந்தத்துல புத்தகமாப் போடுறேன். ஆனா நீங்க இங்க இருக்கணும். அங்க இருந்துக்கிட்டு அனுமதி இல்லாம இங்க போட்டா உங்களை உள்ள தள்ளிடுவாங்க. தங்க இடம் நான் பார்த்துத் தர்றேன். யோசிங்க."

அவள் யோசித்தாள். முதல் யோசனை, இந்த ஆளை யார் அனுப்பியது என்பது. தன்னைச் சோதிக்க அனுப்பியிருப்பார்களோ? அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள். வியன்னாக்காரரின் காலணி மாதிரிதான் இருந்தது. அப்படிப் பார்த்ததற்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

மறுநாள் முழுக்க ஊரைச் சுற்றினாள். இங்கேயே இருந்துவிட்டால் கவிதை புத்தகமாகும். ஃபோல்க்மாரும் யூட்டாவும் அவளை நம்புவார்கள். அவர்களை மறுபடி பார்க்கத்தான் முடியாது. திரும்பிப் போனால் காப்ளருக்கு வேலை தங்கும். நண்பர்களின் கணக்கில் அவள் அன்றைக்கே 'அவர்களுடைய ஆள்' ஆகிவிடுவாள். நல்லவள் என்று காட்ட ஒருத்தியைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கெட்டவள்.

கைச்செலவுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு ஓவியப் பொருள் விற்கும் கடைக்குள் போனாள். அச்சுக்கான கறுப்பு மை ஒரு டப்பா வாங்கினாள். ஊரில் கிடைக்கும் மை காய்ந்தால் பழுப்பாகிவிடும் என்று ஃபோல்க்மார் எப்போதும் திட்டுவான். வாங்கி முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. இங்கே இருக்கப் போகிறவள் எதற்கு அந்த டப்பாவை வாங்க வேண்டும்?

காப்ளருக்காகத்தான் திரும்பினாள் என்று பிற்காலத்தில் சிலர் பெருமையாகச் சொன்னார்கள். அது பாதி உண்மை. ரயிலில் பிராகைத் தாண்டும்போது அவள் மனதில் இருந்தது வேறு. பட்டறைக் கதவைத் திறக்கும் அந்த முதல் நொடியில், சந்தேகப்பட வேண்டும் என்று ஞாபகம் வருவதற்கு முன்னால், ஃபோல்க்மாரின் முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்த்தாக வேண்டும் என்று இருந்தது.

டிரெஸ்டனில் ரயில் மாறி, லைப்ஸிக்கில் இறங்கி, பெட்டியோடு நேரே பட்டறைக்குப் போனாள். கதவைத் திறந்தவன் அவளைக் கண்டதும், "கெர்லிண்ட்!" என்றான். முகம் அப்படியே மலர்ந்தது. கைகூட நீண்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்கு அடுத்த நொடியையும் பார்த்துவிட்டாள். நீண்ட கை கதவுப் பிடிக்குத் திரும்பிற்று.

"வந்துட்டியா" என்றான் அவன், வேறு குரலில்.

உள்ளேயிருந்து யூட்டா, "யாரு? வந்துட்டாளா? நான்தான் சொன்னேனே!" என்றாள்.

கெர்லிண்ட் மை டப்பாவை மேசைமேல் வைத்தாள். யூட்டா அதைத் தூக்கிப் பார்த்தாள். மூடியைத் தட்டினாள். "நல்ல மை. யார் காசு?"

"என் காசு. சாப்பாட்டுக்குக் கொடுத்ததுல மிச்சம் பிடிச்சது."

"கொடுத்தது யாரு?"

ஃபோல்க்மார் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்துவந்தான். அவளுடைய தகடுகள். ஏற்கெனவே சுற்றித் தயாராக வைத்திருந்தான்.

"தொகுப்பு உன்னோட சேர்ந்து வந்தா எல்லாருக்கும் ஆபத்து கெர்லிண்ட். நீன்னு நான் சொல்லல. ஆனா நீ இல்லன்னும் என்னால சொல்ல முடியல."

"நான் வந்ததால சந்தேகமா?"

"நீ வந்ததால."

"வந்தது நானாச்சே, ஃபோல்க்மார்" என்றாள். அவனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தகடுகளை வாங்கிக்கொண்டாள். கதவு வரை அவன் வந்தான். படி இறங்கும்போது கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

'சாம்பல் நாட்கள்' இரண்டு பெயரோடு வந்தது. மை டப்பாவைத் திறக்காமலே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அச்சு இயந்திரம் கிடையாது. சமையலறை மேசையில் தகட்டை வைத்து, மேலே காகிதத்தைப் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே படம் எடுக்கப் பழகினாள். கை ஒரே சீராக அழுத்தாது. ஓர் இடத்தில் கன்னங்கரேலென்றும், பக்கத்திலேயே பனி மூடியது போலவும் வரும். ஒரு சொல் முழுதாக எழும், அடுத்தது பாதியில் நின்றுவிடும். முதலில் அவற்றைக் கெட்டுப்போனவை என்று அடுப்பில் போட்டாள். பிறகு போடுவதை நிறுத்தினாள். பிற்காலத்தில் கண்காட்சிக் குறிப்புகளில் 'ஹார்ட்டுங்கின் சாம்பல் நிறம்' என்று பாராட்டி எழுதினார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம் கரண்டியைப் பற்றி மட்டும் சொன்னாள்.

பகலில் மொழிபெயர்ப்பு, மாலையில் செதுக்கல். நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் அவள் பெயர் இருக்கும். யாரோடும் சேரவில்லை. இளம் ஓவியர்கள் கூப்பிட்டால், "யார் யார் வர்றாங்க?" என்று கேட்பாள். பட்டியலைச் சொன்னதும், அன்றைக்குத் தலைவலி என்பாள். வீட்டுக்கு ஆள் வந்தால் தகடுகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள், தபால்காரர் வந்தாலும் சரி. தன்னைச் சந்தேகப்பட்டவர்களை அவள் வெறுக்கவில்லை. அந்த வியாதி தனக்கும் தொற்றிவிட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பிறகு நாடே மாறிற்று. எல்லை திறந்தது. அவளுடைய முதல் கவிதை நூல் வந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வாலிஷ்தான் போட்டார், வியன்னாவிலிருந்து. அவர் நிஜமாகவே பதிப்பாளர்தான். யாரும் அனுப்பிய ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டதால் போகாமல் தப்பிய காப்ளரின் வேலை, பதிப்பகத்தையே விற்றபோது போயிற்று. அந்த அம்மாள் கெர்லிண்டின் படக் கண்காட்சிக்கு வந்து ஒவ்வொரு படத்தின் முன்னும் நெடுநேரம் நின்றார். "இதுல வெளிச்சம் போதுமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரகசியப் போலீஸ் சேர்த்துவைத்திருந்த கோப்புகளில் தங்களுடையதை மனு கொடுத்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சட்டம் வந்தது. அடுத்து வந்த வசந்தத்தில் ஒருநாள் காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாடிப்படியில் ஃபோல்க்மார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் இரண்டு மனுப் படிவங்கள்.

"உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்" என்றான். "ரெண்டு பேரும் போடலாம். படிச்சா தெரிஞ்சுடும், நீ இல்லன்னு."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"கெர்லிண்ட், நான் அன்னைக்குப் பண்ணினது தப்பு. அதுக்காகத்தான் சொல்றேன். எழுத்துல இருந்தா..."

"யார் எழுத்துல?" என்றாள். குரல் உயரவில்லை. "அவங்க எழுத்துல. நான் பெட்டியோட வந்து உன் வாசல்ல நின்னேன். அதை நம்பல. அவங்க எழுதி வெச்சிருந்தா நம்புவே. அப்படித்தானே?"

அவன் படிவங்களை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"சரி. நான் போடல. ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? நீ என்னைச் சந்தேகப்பட்டியா?"

"பட்டேன்."

"எவ்வளவு நாள்?"

"இப்ப உன்னைப் பார்த்ததும் மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நான் என் கோப்பைப் படிக்கிறதுக்கு முன்னாடி என் வாயைக் கிளற வந்திருக்கான்னு."

ஃபோல்க்மார் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மேல்மாடியிலிருந்து யாரோ பெண்மணி குப்பை வாளியோடு இறங்கி வந்தாள். இருவரும் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். அவள் கீழே போய்ப் பின்கட்டுக் கதவு சாத்தும்வரை ஒருவரும் பேசவில்லை. பழக்கம் அது.

"மனு போடு, போடாமப் போ. போட்டாலும் என்ன இருந்ததுன்னு எங்கிட்ட சொல்லாதே" என்றாள் கெர்லிண்ட். "சந்தேகம் அப்பப்போ வரும், எனக்கும் உனக்கும். வந்தாலும் பரவாயில்லன்னா உள்ள வா. காப்பி இருக்கு."

அவன் மிதியடியில் காலை வெகுநேரம் துடைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அதன்பின் அவள் இறக்கும்வரை சனிக்கிழமைகளில் வந்தான். அவளுடைய கை நடுங்க ஆரம்பித்த பிறகு தகட்டுக்கு மை தடவிக் கொடுத்தான். சில நாள் இருவரும் சண்டை போட்டார்கள், காகிதத்தின் ஈரத்தைப் பற்றி. மனு போட்டானா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களில், போட்டிருக்கிறான், எதையோ படித்திருக்கிறான் என்று நினைப்பாள். அதிகமாகப் பேசும் நாட்களில், எதையோ மறைக்கத்தான் பேசுகிறான் என்று நினைப்பாள். இரண்டு வகை நாட்களிலும் காப்பி போட்டாள். அவன் வரும் நாளில் தகடுகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கவில்லை.